தங்கவயல் இரவுகள் (17): காவிரி வெளிச்சத்தில் ஒரு படுதா

"இங்கதான்டா படுதா. இந்தக் கல்லுக்கும் அந்த வேப்ப மரத்துக்கும் நடுவுல."

பெரியப்பா கைத்தடியை நீட்டிக் காட்டிய இடத்தில் ஒன்றுமில்லை. உண்ணிச்செடி மண்டிய வெற்றுத் தரை. அதற்கு அப்பால் வெயிலில் வெளிறிக் கிடக்கும் சயனைடு மேடு. தங்கத்தை எடுத்துவிட்டுக் கம்பெனி கொட்டிவிட்டுப் போன மண், மலை மாதிரி நிற்கிறது. மேட்டை யாரும் அசைக்கவில்லை. அதன் அடியில் வானத்தைப் பார்த்தபடி நாங்கள் படம் பார்த்த கொட்டகைதான் போய்விட்டது.

பெரியப்பா குனிந்து அந்தக் கல்லைத் தடவினார். நடுவில் ஒரு குழி. கம்பம் நட்ட குழி.

"இது ஒண்ணுதான் மிச்சம்" என்றார்.

இந்த வாரம் அந்தக் குழியிலிருந்து தொடங்குவோம்.

*

சென்ற வாரங்களில் பார்த்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திவிடுகிறேன்.

1871இல் மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர், நியூசிலாந்தில் போரிட்டுத் திரும்பிய சிப்பாய், பெங்களூரிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலார் காட்டுக்கு வந்தார். உரிமம் வாங்கினார். தோண்டினார். பணம் தீர்ந்ததும் உரிமத்தைக் கைமாற்றினார். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. அதற்குப் பிறகுதான் பூமி வாய் திறந்தது.

மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ரயில் வந்தது. அந்த ரயிலிலும் கால்நடையாகவும் வட ஆற்காட்டிலிருந்து, சேலத்திலிருந்து, சித்தூரிலிருந்து எங்கள் பாட்டன்மார் வந்து இறங்கினார்கள். பஞ்சமும் சாதியும் விரட்டி வந்தவர்கள். மூங்கில் தட்டியால் சுவர் வைத்த குடிசைகளில் கம்பெனி அவர்களைக் குடியேற்றியது. 'தட்டி வீடு' என்ற சொல் இன்றும் எங்கள் வாயில் இருக்கிறது.

அந்தத் தட்டி வீட்டில் ராத்திரி எப்படி இருந்திருக்கும்?

இருட்டாக இருந்தது. கீழே சுரங்கத்திலும் இருட்டு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாறை உடைத்தவர்கள் மேலே வந்து சிம்னி விளக்கு வெளிச்சத்தில் சோறு தின்றார்கள்.

அந்த இருட்டு உடைந்த கதைதான் இது. உடைத்தவர்கள் எங்களை நினைத்து உடைக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

*

விறகு தீர்ந்த காடு

சுரங்கம் ஆழமாக ஆழமாகச் செலவும் ஏறியது. ஆளை இறக்கவும் கல்லைத் தூக்கவும் எஞ்சின் வேண்டும். ஊறும் தண்ணீரை இறைக்கப் பம்ப் வேண்டும். தூக்கிய கல்லைப் பொடியாக்க ஸ்டாம்ப் மில் வேண்டும். எல்லாமே நீராவியில் ஓடின. நீராவிக்கு விறகும் கரியும் வேண்டும். சுற்றுவட்டாரத்துக் காடுகள் கொதிகலனுக்குள் போய்க்கொண்டிருந்தன. கரி வெளியூரிலிருந்து ரயிலேறி வரவேண்டியிருந்தது.

தங்கம் எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை நெருங்கிவிட்டால் சுரங்கத்தை மூடவேண்டியதுதான்.

அப்போது மைசூர் சமஸ்தானத்தின் திவான் கே. சேஷாத்ரி ஐயர். 1883இல் பதவிக்கு வந்தவர். சமஸ்தானத்தின் கருவூலத்துக்குச் சுரங்கத்திலிருந்து வரும் ராயல்டி எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரியும். மேற்கே சிவசமுத்திரத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து பாறையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த விழுகையை மின்சாரமாக்கிச் சுரங்கத்துக்கு விற்கலாம் என்ற யோசனையோடு வந்தார் ராணுவப் பொறியாளர் ஜாலி டி லாட்பினியர். கனடாவின் கியூபெக் குடும்பத்தவர்.

சிவசமுத்திரத்துக்கும் தங்கவயலுக்கும் நடுவே 92 மைல்.

அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கம்பியில் கொண்டு போவது அன்றைக்கு உலகத்திலேயே சில இடங்களில்தான் நடந்திருந்தது. வழியில் கசிந்து போகாமல் வந்து சேருமா என்று பொறியாளர்களே சந்தேகப்பட்ட காலம். கம்பெனி கேட்டது சுமார் 4,000 குதிரைத்திறன். இது தோற்றால் சமஸ்தானத்தின் பணமும் போகும், திவானின் பெயரும் போகும்.

சேஷாத்ரி ஐயர் கையெழுத்திட்டார்.

*

அவர் பார்க்காத வெளிச்சம்

1900இல் வேலை தொடங்கியது. மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியிலிருந்து வந்தன. தண்ணீர்ச் சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் கம்பெனியிலிருந்து வந்தன. கப்பலில் வந்து, ரயிலில் வந்து, மத்தூரில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியிலும் யானைகளின் இழுப்பிலும் காட்டுப் பாதையில் அருவிக்குப் போயின. வேலையாட்களைக் காய்ச்சல் வாட்டியது.

1901 செப்டம்பரில் சேஷாத்ரி ஐயர் இறந்துபோனார். கம்பங்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பியில் இன்னும் உயிர் வரவில்லை.

1902 ஜூன் 30.

சிவசமுத்திரத்தில் மதகு திறந்தது. தண்ணீர் சுமார் 400 அடி கீழே பாய்ந்து சக்கரங்களைச் சுழற்றியது. அருவியின் வேகம் செம்புக் கம்பியில் ஏறியது. கிராமங்களின் மேலே, கேழ்வரகுக் கொல்லைகளின் மேலே, ஏரிக்கரைகளின் மேலே ஓடி வந்து தங்கவயலில் இறங்கியது.

கம்பியின் கீழே ஏர் ஓட்டிக்கொண்டிருந்த எவருக்கும் தலைக்கு மேல் காவிரி போகிறது என்று தெரிந்திருக்காது.

பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905 ஆகஸ்டில். மகாராஜாவின் பெரிய நகரம் மூன்று வருஷம் காத்திருந்தது. தங்கவயல் முந்திக்கொண்டது. இதை எங்கள் ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஒருநாள் பெரியப்பா கேட்டார்: "யார் வீட்டுக்குடா வந்துச்சு?"

அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தப் பெருமையை நான் பழையபடி சொன்னதில்லை.

மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது. மில்லுக்கு வந்தது. துரைமார் பங்களாவுக்கும் அவர்கள் கிளப்புக்கும் வந்தது. பெரியப்பா பிறந்த லைனில் அவர் வாலிபனாகும் வரை சிம்னி விளக்குதான். தலைக்கு மேலே கம்பி போகும். அந்தக் கம்பியின் நிழல் தட்டிச் சுவரில் விழும். வீட்டுக்குள்ளே மண்ணெண்ணெய் புகையும்.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். கோடையில் காவிரி மெலிந்தால் சுரங்கத்துக்கு மின்சாரம் குறையும் என்ற பயம் சமஸ்தானத்துக்கு இருந்துகொண்டே இருந்தது. தண்ணீரைத் தேக்கிவைக்க அணை வேண்டும் என்று பின்னாளில் விஸ்வேஸ்வரய்யா வாதாடியபோது, தங்கவயலுக்குக் கொடுத்த வாக்கும் அந்த வாதத்தில் ஒன்று. 1911இல் கண்ணம்பாடி அணை வேலை தொடங்கியது. சென்னை மாகாணத்தோடு வழக்கு முற்றியது. 1924இல் ஒப்பந்தம் வந்தது. தஞ்சாவூர் விவசாயிக்கும் சாம்பியன் ரீஃப் தொழிலாளிக்கும் நடுவே யாரும் வரைந்து காட்டாத ஒரு கோடு உண்டு. அந்தக் கோடு காவிரி.

*

ரயிலேறி வந்த படம்

அதே 1905இல் திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த ஓர் இளைஞர், தன் வாழ்க்கையையே புரட்டிப் போட்ட ஒரு காரியத்தைச் செய்தார். சாமிக்கண்ணு வின்சென்ட். ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப நினைத்தபோது, அவருடைய புரொஜக்டரையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஏசுவின் வாழ்க்கைப் படம் அவற்றில் ஒன்று. கூடாரம் அடித்தார், படம் காட்டினார், கூடாரத்தைச் சுருட்டினார், அடுத்த ஊருக்குப் போனார்.

தென்னாட்டில் டெண்ட் கொட்டகை என்ற ஒன்று பிறந்த கதை இப்படித்தான் தொடங்குகிறது. அவர் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். ஆனால் அவர் போட்ட வழியில் பலர் புறப்பட்டுவிட்டார்கள். ரயில் பாதை போகும் இடமெல்லாம் படம் போனது.

கையில் வாரக்கூலி புழங்கும் ஊரை அவர்கள் தேடினார்கள். தங்கவயல் அப்படிப்பட்ட ஊர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள். இரவும் பகலும் மூன்று ஷிப்ட். ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் கம்பெனியின் சுரங்க எல்லைக்கு வெளியே கடைகளும் சந்தையுமாக வளர்ந்துகொண்டிருந்தன.

எல்லைக்கு வெளியே என்ற சொல்லைக் கவனியுங்கள். உள்ளே கம்பெனி சொன்னதுதான் சட்டம். யார் எந்த லைனில் இருக்கலாம், யார் வெளியேற வேண்டும் என்று அது முடிவு செய்யும். சுரங்க வாசலில் தொழிலாளிக்கு நம்பர்தான் உண்டு. பெயர் வீட்டோடு சரி.

எங்கள் கொட்டகை நின்றது கம்பெனியின் எல்லைக் கல்லுக்குப் பத்தடி வெளியே. பெரியப்பாவின் அப்பா, எங்கள் தாத்தா, அங்கே ஊமைப்படம் பார்த்தவர். அவர் சொன்னதைப் பெரியப்பா அப்படியே சொல்வார்:

"படத்துல சத்தம் இல்லியாம். ஆனா மில்லு சத்தம் இருக்குமாம். டங்கு டங்குன்னு ராத்திரி பூரா கல்லு இடிக்கிற சத்தம். குதிர ஓடுனா அந்தச் சத்தந்தான் குளம்பு. சண்ட வந்தா அந்தச் சத்தந்தான் அடி."

ஊமைப்படத்துக்கு எங்கள் ஊரில் ஸ்டாம்ப் மில் பின்னணி வாசித்தது. பகலெல்லாம் எந்தச் சத்தத்துக்கு உழைத்தார்களோ, அதே சத்தத்தில் படமும் பார்த்தார்கள்.

*

தரை டிக்கெட்

நான் பார்த்தது 1960களின் கொட்டகை. அதற்குள் படம் பேசிப் பாடி முப்பது வருஷம் ஆகிவிட்டது. முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸ் வந்தது 1931 அக்டோபரில். சுரங்கம் வெள்ளைக்காரன் கையை விட்டு 1956இல் மைசூர் அரசிடம் வந்து, அங்கிருந்து மத்திய அரசிடம் போயிருந்தது. கொட்டகை மட்டும் தாத்தா சொன்ன மாதிரியே இருந்தது.

பின்பக்கம் கொஞ்சம் கூரை. அங்கே பெஞ்சு, அதற்கும் பின்னால் சில மடக்கு நாற்காலிகள். முன்பக்கம் முழுக்கத் திறந்த வானம். தரை டிக்கெட்டுக்காரர்களுக்குக் கூரை கிடையாது. மண்ணைக் குவித்து மேடு செய்து அதன்மேல் உட்கார்வோம். எனக்கு முன்னால் உட்கார்ந்தவன் தன் மேட்டை உயர்த்தினால் நானும் உயர்த்துவேன். படம் முடியும்போது தரை, உழுத கொல்லை மாதிரி கிடக்கும். பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம், நடுவே ஒரு கயிறு.

ஒரே புரொஜக்டர். ஒரு சுருள் பத்து நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். இரண்டைச் சேர்த்து ஓட்டினாலும் ஒரு படத்துக்குப் பல தடவை விளக்குப் போடவேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் வேர்க்கடலைக்காரன் குரல் கிளம்பும். முறுக்குத் தட்டு தலைகளுக்கு மேலே மிதந்து வரும்.

ஒருமுறை ஆபரேட்டர் அறையின் படியில் நின்று எட்டிப் பார்த்தேன். புரொஜக்டரின் வயிற்றுக்குள் இரண்டு கரிக்குச்சிகள், விரல் தடிமன் கூட இல்லை. ஒன்றின் நுனியை மற்றொன்றுக்குக் கிட்டே கொண்டு போனார். தொட்டு, கொஞ்சம் விலக்கினார். இடைவெளியில் ஒரு நெருப்பு நின்றது. கண்ணால் பார்க்க முடியாத வெள்ளை. குச்சிகள் எரிந்து தேயத் தேய ஒரு திருகைத் திருப்பி அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்கவேண்டும். அவர் கவனம் தவறினால் கதாநாயகியின் முகம் மஞ்சளாகும், பிறகு இருளும். தரையிலிருந்து விசில் பறக்கும்.

"எட்டிப் பாக்காதடா, கண்ணு போயிடும்" என்று அவர் அதட்டினார். பிறகு தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் கண்ணில் வைத்துக் காட்டினார்.

சிவசமுத்திரத்தில் பழைய இயந்திரங்கள் உண்டாக்கிய மின்சாரம் 25 சைக்கிள். வினாடிக்கு 25 அலை. அதில் எரியும் பல்பு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துடிக்கும் என்று சுரங்கத்து எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். வேறு ஊர்க் கொட்டகைக்காரர்கள் ஆயில் எஞ்சினை நம்பிப் படம் ஓட்டிய காலத்திலேயே கம்பியில் மின்சாரம் ஓடிய ஊர் எங்களுடையது.

இதைத்தான் இந்தப் பதினேழு வாரங்களில் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காவிரியிலிருந்து தங்கவயலுக்கு வந்த மின்சாரம் கல்லைத் தூக்கியது, கல்லை இடித்தது, தண்ணீரை இறைத்தது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, அதில் தொழிலாளியின் கண்ணுக்கென்று கிடைத்த முதல் பங்கு அந்தப் படுதாவில் விழுந்த வெளிச்சம். அதையும் காசு கொடுத்துத்தான் வாங்கினோம்.

*

நின்று போன ரீல்

ஓர் இரவை மட்டும் மெதுவாகச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆட்டம். மார்கழிப் பனி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரியப்பாவின் மடியில் சாய்ந்திருந்தேன். அப்பா அன்றைக்கு ராத்திரி ஷிப்ட். அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம்.

திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் சத்தம் வரவில்லை. தரைதான் வந்தது. அடியிலிருந்து யாரோ மண்ணை ஒருமுறை உதைத்த மாதிரி. என் மணல்மேடு சரிந்தது. படுதா ஒரு முழு அலையாக நடுங்க, அதில் ஆடிக்கொண்டிருந்த முகம் நெளிந்து நீண்டது. அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம், தூரத்து இடி போல.

"ஏர் பிளாஸ்ட்" என்று யாரோ சொன்னார்கள்.

எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சொல். பாறை வெடிப்பு. சுரங்கம் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் இருக்கிறது. சாம்பியன் ரீஃப் மேலிருந்து பத்தாயிரம் அடிக்கும் கீழே போய்விட்டது. அவ்வளவு ஆழத்தில் மேலே இருக்கும் பூமியின் பாரம் முழுவதும் பாறைமேல் அழுத்தும். தங்கக் கல்லை எடுத்து இடத்தை வெற்றாக்கினால், மிச்சமிருக்கும் பாறை அந்தப் பாரத்தைத் தாங்கித் தாங்கி, ஒரு கட்டத்தில் தாங்காமல் வெடிக்கும். எப்போது, எங்கே என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மேலே வீட்டுச் சுவர் விரிசல் விடும். கீழே ஆள் இருந்தால் அவன் விதி.

கொட்டகையில் யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். படுதாவை விட்டுத் திரும்பினார்கள். சுரங்கத்து இரும்புக் கோபுரத்தின் உச்சியில் எரிந்த விளக்கைப் பார்த்தார்கள்.

பிறகு பெண்கள் கயிற்றைத் தாண்டி நடந்தார்கள். ஓடவில்லை, வேகமாக நடந்தார்கள். அம்மாவும் அதில் ஒருத்தி. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாருடைய புருஷன் ராத்திரி ஷிப்ட்டில் இருக்கிறான் என்று அந்த நடையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. பார்க்க ஆளில்லாத தரையில் பாட்டு முடிந்தது.

ஆபரேட்டர் அந்தக் கரிக்குச்சிகளை விலக்கினார். படுதா வெள்ளையாக இருந்தது, பிறகு இருட்டானது.

அன்றைக்கு எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். அப்பாவும் வந்தார். விடிவதற்குள் அம்மா அவரை அழைத்துக்கொண்டு கொட்டகை வழியாகவே திரும்பினாள். பெரியப்பாவும் நானும் இன்னும் ஐம்பது அறுபது பேரும் அங்கேயே இருந்தோம். வீட்டுக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை.

கொட்டகைக்காரர் வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார். உள்ளே போய் நின்றுபோன அந்த ரீலை முதலிலிருந்து மறுபடி ஓட்டினார்.

அப்பா, பாறைத்தூள் அப்பிய முகத்தோடு, மண்ணில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டார்.

*

காரில் வந்த வானம்

பின்னாளில் வேலைக்காக வெளியூர்களில் அலைந்தபோது, வானத்தின் கீழே படம் பார்ப்பது பணக்கார ஊர்களிலும் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

1933 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கேம்டன் நகரத்துக்குப் பக்கத்தில், ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் அரங்கைத் திறந்தார். முதலில் தன் வீட்டு முற்றத்தில் மரத்துக்கு மரம் துணி கட்டி, காரின்மேல் புரொஜக்டரை வைத்துச் சோதித்துப் பார்த்தாராம். முன்னால் நிற்கும் கார் பின்னால் நிற்பவரை மறைக்கக்கூடாது என்று தரையையே சரிவாக அமைத்தார். எங்கள் மணல்மேட்டுக்கு அவர் போட்ட கணக்கு அது.

1971 ஜூலையில் சிங்கப்பூரின் ஜூரோங்கில் கேத்தே நிறுவனம் அப்படி ஓர் அரங்கைத் திறந்தது. சுமார் 900 கார்கள் நிற்கும் இடம். கார் இல்லாதவர்களுக்கென்று 300 பேர் உட்காரும் மேடையும் வைத்தார்கள். மழையும், வீடியோ கேசட்டும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தன. 1985இல் மூடிவிட்டார்கள்.

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் 1991இல் வந்த பிரார்த்தனா தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். காரை நிறுத்தி, பாயை விரித்து, கட்டிவந்த சாப்பாட்டைப் பிரித்து, கடல்காற்றில் குடும்பத்தோடு படம் பார்த்த இடம். அதுவும் இப்போது இல்லை.

யோசித்துப் பாருங்கள். சென்னைப் பக்கம் திறந்தவெளித் திரையை நெருக்கியது நிலத்தின் விலை. சாலை வளர்ந்தது, ஊர் வளர்ந்தது, அவ்வளவு தரையைக் காலியாக வைத்திருக்க யாருக்கும் கட்டுப்படியாகாத காலம் வந்துவிட்டது.

எங்கள் கொட்டகை நின்ற தரையை விலைக்குக் கேட்க யாரும் வரவில்லை. இன்றும் உண்ணிச்செடிதான் அதற்குச் சொந்தக்காரன்.

*

தேய்ந்த குச்சி

எங்கள் கொட்டகை ஒரே நாளில் சாகவில்லை.

1980களில் லைன் வீடுகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. வாடகைக்கு வீடியோ வந்தது. மழைக்கு ஒதுங்கக் கூரை உள்ள தியேட்டர்கள் பேட்டையில் இருந்தன. முதலில் இரண்டாம் ஆட்டம் நின்றது. பிறகு வாரநாட்களில் ஆட்டம் நின்றது. ஒரு பொங்கலுக்குப் பிறகு கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். யாரும் வழியனுப்பப் போகவில்லை. மறுபடி வருவார்கள் என்று நினைத்தோம். டெண்ட் கொட்டகைக்குப் போவதும் வருவதும்தானே வழக்கம்!

மறுபடி வருவதற்கு ஊரில் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. கல்லில் தங்கம் குறைந்தது, எடுக்கும் செலவு கூடியது. 1972 முதல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற பெயரில் ஓடிய சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. நூற்றிருபது வருஷ வேலை ஒரு மாதக் கடைசி நாளோடு முடிந்தது. இன்று எங்கள் பிள்ளைகள் விடியற்காலை இருட்டில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். ஊரை வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

பெங்களூருக்கு மூன்று வருஷம் முன்னால் விளக்கேற்றிய ஊர், பெங்களூரின் விளக்கை நம்பிப் பிழைக்கிறது.

*

கட்டைவிரல்

பெரியப்பா கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டார். மூச்சு வாங்கியது. சுரங்கத்தூள் நெஞ்சில் இருக்கும் மூச்சு.

"உங்க தாத்தா ஒண்ணு சொல்வாரு" என்றார். "மைன்ஸ் வாசல்ல நம்பர் கேப்பான். லைன்ல வாட்ச்மேன் யாரு, எங்கேர்ந்து வர்றன்னு கேப்பான். கொட்டாயிலதான்டா எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான். காசு குடுத்தா டிக்கெட்டு. யார் பக்கத்துல யாரு வேணா குந்தலாம். சாம்பியன்காரன் மைசூர் மைன்காரனப் பாத்துப் பேசுன எடம் அது."

நான் அதுவரை அப்படி யோசித்ததில்லை. ஒவ்வொரு சுரங்கமும் தனி. ஒவ்வொரு லைனும் தனி. எல்லைக் கல்லுக்குப் பத்தடி வெளியே, கம்பெனியின் கண்ணுக்கு எட்டியும் கைக்கு எட்டாத அந்தத் தரையில், நான்கு சுரங்கத்து ஆட்களும் வாராவாரம் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் பழகியிருக்கிறது. படம் ஓடாத பகல் வேளையிலும் அது கூடுவதற்கு ஏற்ற மைதானம்தான்.

1930 வந்தது. ஒவ்வொரு தொழிலாளியும் பதிவேட்டில் கைரேகை வைக்கவேண்டும் என்று கம்பெனிகள் உத்தரவு போட்டன. நம்பர் போதவில்லை, இப்போது கட்டைவிரலும் வேண்டும். குற்றவாளிக்குத்தானே கைரேகை என்று லைன்கள் கொதித்தன. அதுவரை தனித்தனியாகத் தலைகுனிந்து நின்ற ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தினார்கள். சாம்பியன், மைசூர் மைன், உரிகம், நந்திதுர்க் என்ற வித்தியாசம் அன்றைக்கு இல்லை.

பெரியப்பா கையைத் தூக்கித் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பாறையில் தேய்ந்து ரேகை மழுங்கிய விரல்.

"மொத நாளு, மேஜ மேல மையி வெச்சுட்டாங்க. ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க..."

நிறுத்திவிட்டார். சயனைடு மேட்டின் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. படுதா இருந்த இடத்தில் எங்கள் இருவரின் நிழல் நீண்டு கிடந்தது.

அந்த வரிசையில், நீட்டச் சொன்ன விரலை முதலில் மடக்கிக்கொண்டவன் யார்?

(தொடரும்)